பெட்டிக்குக் காய்ச்சல் பார்க்கும் மாமா

புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு காதைப் பக்கவாட்டில் ஒட்டுகிறார். "காய்ச்சல் இல்ல. ஆனா மூச்சு சரியில்ல" என்கிறார். எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் பொழுது இப்படித்தான் விடிகிறது. நோயாளி, அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சேமிப்புப் பெட்டி. நாங்கள் எடுக்கும் படங்கள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன. கடையின் எல்லாக் கம்ப்யூட்டர்களும் கேபிள் வழியாக அதிலிருந்து படத்தை எடுத்து, திருத்தியதும் அதிலேயே திரும்ப வைக்கும்.

அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளியின் பிள்ளைகள் மாமா, மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது கூரியர்காரருக்குக்கூட அவர் மாமாதான். வேலை, படம் திருத்துவது. பருவை அழிப்பார், இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவார், தொப்பையை உள்ளே தள்ளுவார். கைவேலையில் குறை சொல்ல முடியாது. தலைமுடி மட்டும் எல்லோருக்கும் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிடுவார். தனக்கு முடி இல்லாத குறையை ஊருக்குத் தீர்த்துவைக்கிறார் போல.

வைத்தியர் பதவி அவரே எடுத்துக்கொண்டது. திருத்தும் சாஃப்ட்வேர் நின்றுபோனால் உலகத்தார் மிஷினை அணைத்துப் போடுவார்கள். மாமா விடமாட்டார். "அது யோசிக்குது. யோசிக்கிறவனைத் தட்டக் கூடாது. பொறுங்க" என்பார். அவர் சேவ் போடும் நேரத்தில் வேறு யாராவது வீடியோ பார்த்தால் அவர்கள் பாவிகள். உடனே எழுந்து, யார் நாற்காலிச் சக்கரமாவது கேபிள் மேல் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே அறையைச் சுற்றுவார். எப்போதோ ஒருமுறை நிஜமாகவே என் நாற்காலிச் சக்கரம் ஏறியிருந்தது. அந்த ஒரு வெற்றியை வைத்து இத்தனை வருஷமாகக் காலம் தள்ளுகிறார், மகாராசன்.

அவருக்கு இரண்டு கொள்கைகள். ஒரு படத்துக்கு ஒரே பெயர்தான் என்பது முதலாவது. முன்பு ஒரு கல்யாணப் படத்தை 'முடிந்தது', 'உண்மையிலேயே முடிந்தது', 'இதுதான் முடிந்தது' என்று மூன்று பெயர்களில் வைத்திருந்தோம். தப்பான முடிந்தது அச்சுக்குப் போய், பெண்ணின் சித்தப்பா மூன்று கைகளோடு ஆல்பத்தில் ஏறிவிட்டார். மனிதர் கடைக்கே வந்து சண்டை போட்டார். பேச்சுக்கு நடுவே மாமா அவருடைய கைகளை ஒருதடவை எண்ணிப் பார்த்துக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன். இரண்டாவது கொள்கை, படத்தை யாரும் சொந்த மிஷினில் வைக்கக் கூடாது. எடுப்பதும் பெட்டியிலிருந்து, வைப்பதும் பெட்டியில்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தின் குரூப் போட்டோ வந்தது. பிளாஷ் அடித்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கண்ணை மூடிவிட்டார்கள். மாமா காலையிலிருந்து, அந்தந்தப் பிள்ளையின் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்துவந்து, ஒவ்வொருவராகக் கண் திறந்துகொண்டிருந்தார். அன்றுதான் பள்ளிக்குக் கடைசி நாள். மாலை மணி அடித்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள், மறுபடி ஒன்றாகச் சேர்க்க முடியாது. படத்தை வாங்கிப் போக டீச்சர் வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். மாமா கடைசிக் கண்ணையும் திறந்து, கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு, சேவ் போட்டார்.

முடியாது என்றது கம்ப்யூட்டர். இந்தப் படம் வேறு எங்கோ திறந்திருக்கிறது, அதனால் சேமிக்க இயலாது என்று ஒரு கட்டம் வந்தது. மாமா மறுபடி போட்டார். மறுபடி அதே கட்டம். இடையில் டீ குடிக்கப் போனபோது சேவ் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு திறந்த கண்களெல்லாம் திரையில் மட்டும்தான் இருந்தன. ஒருமுறை மின்சாரம் போனால் முன்வரிசை முழுக்க மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துக் குழல்விளக்கு வேறு ஒரு தடவை மினுக்கியது.

வேறு பெயரில் சேவ் போட்டுவிடலாமே என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "மூணு கை" என்றார். அவ்வளவுதான். சரி, உங்கள் மிஷினிலாவது வையுங்கள் என்றேன். "அம்மாடி, பதட்டத்துல கொள்கையை விடக் கூடாது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேபிளைப் பிடுங்கி அவர் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்பேன். ஆனால் கையை எடுத்தால் படம் போய்விடும் என்பதுபோல அவர் மௌஸை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

வைத்தியம் தொடங்கியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டார். அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் மிஷினை அணைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. யார் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். முதலாளியையும் விடவில்லை. தான் கணக்குப் பார்ப்பதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று முதலாளி சத்தியம் செய்யாத குறை. அவர் போன்தான் பெட்டியைத் தொந்தரவு செய்கிறது என்று சொல்லி மாமா அதையும் அணைக்க வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது கவுன்ட்டர் அக்கா கதவு வழியே தலையை நீட்டினார். "முன்னறையில ஆளுங்களுக்குப் படம் காட்டுற பெரிய திரையில டீச்சர் படத்தையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஒரு பையனைப் பத்தி ஏதோ சொல்லணுமாம்."

"எந்தப் படத்தை?" என்றார் முதலாளி.

"இந்த குரூப் போட்டோவைத்தான். டீ குடிக்க வந்தப்போ மாமாதானே தொறந்து வச்சாரு, எப்படிக் கண்ணு வச்சிருக்கேன் பாருன்னு."

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். மாமா எழுந்து முன்னறைக்குப் போனார், படத்தை மூடினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் அசடு வழியும் என்று எதிர்பார்த்தேன், ஒரு சொட்டு வழியவில்லை. "பெட்டி மேல குத்தமே இல்ல. நான் தொறந்து வச்சதை எனக்கே விட்டுக்கொடுக்காம காவல் காத்திருக்கு பாருங்க" என்றபடி சேவ் போட்டார். உடனே ஏறிவிட்டது. அப்பாடா என்று எனக்கே உயிர் வந்தது.

அவர் பின்னாலேயே டீச்சரும் உள்ளே வந்துவிட்டார். கடைசி வரிசையில் ஒரு பையனைத் தொட்டுக் காட்டினார். மாமாவுக்கு அன்றைக்கு மிகப் பெருமையான வேலை அந்தப் பையன்தான். எந்தப் படத்திலும் அவன் கண் திறந்திருக்கவில்லை என்பதால், வேறு வகுப்பில் படிக்கும் அவன் அக்காவின் கண்களைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்.

"வருஷம் முழுக்க இவன் கண்ணைத் திறந்து நான் பார்த்ததே இல்ல சார்" என்றார் டீச்சர். "தூங்கிக்கிட்டேதான் இருப்பான், ஆனா எல்லாருக்கும் செல்லம். இப்படிக் கொடுத்தா, எங்க கூடப் படிச்சவன் எங்கேன்னு பிள்ளைங்க கேப்பாங்க."

மாமா சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேர உழைப்பு அந்தக் கண்கள். அவரோ அந்த முகத்தைப் பெரிதாக்கி, அக்காவின் கண்களை மெதுவாக அழித்தார். கீழே இருந்த பழைய இமைகள் இரண்டும் மூடியபடி வெளியே வந்தன. டீச்சர் சிரித்துவிட்டார். அச்சு மிஷின் பக்கமிருந்து முதலாளி, "ஆச்சா மச்சான்?" என்று பெருங்குரலில் கேட்டார்.

மாமா ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து எங்கள் எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, சத்தம் வராமல் சேவ் போட்டார்.