எங்கள் வேனில் வந்த மறையூர்க் கன்று

பழுத்த தக்காளியும் புது ரெக்ஸினும் கலந்தால் ஒரு வாசனை வருமே... பாதி புளிப்பு, பாதி செருப்புக்கடை. எழுபதுகளில் எங்கள் வேனுக்குள் அந்த வாசனைதான்.

அப்போது நாங்கள் பொள்ளாச்சியைத் தாண்டி, கேரள எல்லையில் இருக்கிற கோவிந்தாபுரத்தில் இருந்தோம். கல்யாணமான புதிது. பொள்ளாச்சியில் யாரோ ஓட்டிக் கழித்த ஒரு சின்ன வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார் என் வீட்டுக்காரர். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தகரப் பெட்டி. காலையில் தக்காளி, கத்திரிக்காய் என்று தோட்டங்களில் ஏற்றி, பொள்ளாச்சி மார்க்கெட்டில் இறக்குவார். திரும்பும்போது காலி.

அந்தக் காலி வண்டிதான் என் கண்ணை உறுத்தியது. கூடையும் குழந்தையுமாக அங்கே பஸ்ஸுக்கு நிற்கிற நம் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரலாமே என்றேன். சீட் போட்டால் லோடை எங்கே வைப்பது என்று கேட்டார். சுவரோடு மடக்குகிற மாதிரி போடலாம் என்றேன். சிரித்தார். ஆனால் மறுவாரமே வண்டியைக் கொல்லங்கோட்டுப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார்.

தகரத்தை வெட்டி ஜன்னல் வைத்தார்கள். இரண்டு பக்கமும் நீளப் பெஞ்ச், கீல் போட்டு. மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பெஞ்சுக்குத் தேங்காய் நார் திணித்து மெரூன் ரெக்ஸின். அதை நானேதான் தைத்தேன்... என் மெஷினில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. சேலை கட்டினவர்கள் ஏறுவதற்குத் தோதாகப் பின்னால் தாழ்வாக ஒரு படி. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. அது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. தக்காளிக்கு எதற்குத் திரை என்பார்.

இப்படிக் காலையில் லோடு, மத்தியானம் ஆள், ஆளை ஏற்றி இறக்கக் கூடவே நான் என்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதல் கல்யாண வாடகை வந்தது.

பக்கத்துத் தோட்டத்து நாச்சம்மாக்காவின் மகன் துரைசாமிக்கு மறையூரில் பெண் எடுத்திருந்தார்கள். உடுமலை போய், சின்னாறு காட்டைத் தாண்டி மலையேற வேண்டும். மாப்பிள்ளையைக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்று நாச்சம்மாக்காவுக்கு ஆசை. கார் எதுவும் அமையாததால்தான் எங்களிடம் வந்தார்.

முந்தின நாள் முழுக்க வண்டியைக் கழுவினேன். எலுமிச்சம்பழம் தேய்த்து, மல்லிகைச் சரம் தொங்கவிட்டேன். அப்படியும் ஏறி உட்கார்ந்ததும் நாச்சம்மாக்கா மூக்கைச் சுளித்தார்.

"ரசம் வெக்கற சட்டிக்குள்ள உக்காந்தாப்பல இருக்குது."

வண்டி முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் சுண்டிப்போனது. இந்த வாடகை சரியாக அமையாவிட்டால் எங்கள் பக்கத்தில் இனி யாரும் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

போகும்போது ஒரு குறையும் வரவில்லை. செங்குத்தான மேட்டில் ஆண்கள் எல்லாம் இறங்கி நடந்தார்கள், மாப்பிள்ளை உட்பட. கல்யாணமும் நன்றாக நடந்தது.

கிளம்பும்போதுதான் சிக்கல்.

கல்யாணப் பெண் சரோஜா அழாமல்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். தொழுவத்துப் பக்கம் போனவள் மட்டும் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், ஒரு செவலைக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாய்ப்பசு செத்துப்போனதால் இவளே பால் புகட்டி வளர்த்த கன்றாம். பெயர் சீனி. பிறகு லாரியில் அனுப்பி வைப்பதாக அவள் அப்பா சொல்லிப் பார்த்தார். அவள் அடம்பிடிக்கவில்லை. என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் குடுத்தாத்தான் இது குடிக்கும், அக்கா. லாரி கெடைக்கிற வரைக்கும் தாங்குமா?"

நாச்சம்மாக்கா ஒரேயடியாக மறுத்தார். தக்காளி வண்டியில் வந்தது போதாதென்று, போகும்போது மாட்டோடு வேறு போகவேண்டுமா என்றார். துரைசாமி அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

என் வீட்டுக்காரர் வண்டியின் பின்பக்கம் போனார். இடது பக்கப் பெஞ்சைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, கீழே வைக்கோல் பரப்பினார்.

"ஏனுங்கக்கா, ஒரு பக்கம் லோடு, ஒரு பக்கம் ஆளு. அதுக்குத்தானுங்க இந்த வண்டிய இப்படிப் பண்ணுனதே."

நாலைந்து ஆண்கள் தாங்களாகவே பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். கன்று ஏறிவிட்டது.

இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அது தடுமாறியது. சரோஜா பக்கத்தில், சீராக வந்த மறையூர் வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்த நாச்சம்மாக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பெரிய திருப்பத்தில் கன்று அப்படியே சரிந்து, அவர் மடியில் தலையை வைத்துவிட்டது. புதுப் பட்டுச்சேலை... நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லையே என்று திறந்து பார்த்தால், அவர் கை அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தது. உடுமலையில் டீக்கு நிறுத்தினபோது, கன்றுக்குப் பாலை நன்றாக ஆற்றிக் கொடுக்கச் சொல்லி டீக்கடைக்காரரை விரட்டியதும் அவர்தான்.

வெயில் தாழ்ந்த நேரத்துக்குக் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வந்தது. அங்கிருந்தவர் திரையை விலக்கிப் பார்த்தார். மணமக்கள், சீர்ப் பாத்திரம், வெல்ல மூட்டை, நடுவில் ஒரு கன்று. வண்டியில் இருப்பது லோடா ஆளா என்று மலையாளத்தில் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து நாச்சம்மாக்காவின் குரல் வந்தது.

"லோடெல்லாம் இல்லீங்க. எம் மருமகளும் அவ வளத்த புள்ளையுமுங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

செக்போஸ்ட்காரர் சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்கிவிட்டார்.

அதோடு எங்கள் வண்டிக்குக் 'கன்னுக்குட்டி வேன்' என்று பேர் விழுந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, பழனி... எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அதில் பாதி நாச்சம்மாக்கா சொல்லி அனுப்பிய வாடகையாகத்தான் இருக்கும். சீனி வளர்ந்து கன்று போட்டபோது, சீம்பால் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

இப்போது என் மகன் டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறான். ஏசி, சாய்கிற சீட், ஆளுக்கொரு சார்ஜர். குறை சொல்ல மாட்டேன், என் முட்டிவலிக்கு அதுதான் சுகம். ஆனால் சீட்டெல்லாம் முன்பக்கம் பார்த்தே இருக்கிறது. எல்லோரும் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே மூணாறு போய்ச் சேருகிறார்கள்.

எங்கள் வேனில் எதிரெதிரே முட்டி இடிக்கத்தான் உட்கார வேண்டும். பொள்ளாச்சியில் யாரோ எவரோவாக ஏறுவார்கள்... ஊர் வந்து நான் கதவைத் திறக்கும்போது, ஒருத்தியின் குழந்தை இன்னொருத்தியின் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.