இருநூற்றுப் பதினான்கு நிமிடங்கள்

சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாலும் நிஷாந்தன் அண்ணையின் காது வாடிக்கையாளர் பக்கம்தான் இருக்கும். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் அவர் வேலை செய்யும் டயர்க் கடைக்கு வருகிற தமிழாட்களில் யாராவது ஒருவர், "இவர்தான் பிரீமியர் லீக்கில விளையாடினவர்" என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொன்னால் போதும், ஸ்பானரைக் கீழே வைப்பார். கறுத்த நான்கு விரல்களை நீட்டுவார். "நாலாம் பிரிவு. ஏழு ஆட்டம். இருநூற்றிப் பதினாலு நிமிஷம்." சொல்லிவிட்டு மறுபடி குனிந்துவிடுவார்.

வயது முப்பத்தாறு. லண்டனில் பிறந்தவர். ஆதிரை அக்காவைக் கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்தவர். பத்தொன்பது வயதில், பிரீமியர் லீக்குக்கு மூன்று படி கீழே ஆடும் வட இங்கிலாந்தின் சிறுநகர உதைபந்தாட்டக் கழகம் ஒன்று அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. இரண்டு ஆட்டங்களை முழுதாக ஆடினார். ஐந்தில், முடிகிற நேரத்துக்கு இறக்கிவிட்டார்கள். கோல் இல்லை. ஒரு மஞ்சள் அட்டை உண்டு, அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலரும். தன்னைவிட ஒரு முழம் உயர்ந்தவனை விழுத்தியதற்காம். இரண்டாம் வருட முடிவில் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். "தந்த தேத்தண்ணி ஆற முதல் நான் வெளியில நிண்டன்" என்பார். ஒப்பந்தம் அதோடு முடிந்தது.

கார்ச் சக்கரங்களுக்கும் ஆட்டக்காரருக்குப் போல இடம் பிரித்து வைத்திருக்கிறார். பின் வலது சக்கரத்தை வேறு யாரும் தொடக்கூடாது. அது அவர் ஆடிய இடம்.

பிள்ளைகளுக்குப் பந்து பழக்கவேண்டும் என்பது அவருடைய எட்டு வருட ஆசை. இந்தக் கோடையில்தான் தமிழ் விளையாட்டுக் கழகம் சம்மதித்தது. தலைவர் சிதம்பரம் அண்ணை நோட்டீஸ் அடித்தார்: பிரீமியர் லீக் நட்சத்திரம் நேரடிப் பயிற்சி. இருபத்துமூன்று பெயர்கள் பதிவாகின.

எங்கள் சனம் ஒருவரை மேடையில் ஏற்றினால் இரண்டு படி கூடத்தான் ஏற்றும். தாதி டொக்டர் ஆவார், பலசரக்குக் கடைக்காரர் தொழிலதிபர் ஆவார். அவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே பொன்னாடையை வாங்கிப் போவார்கள். நிஷாந்தன் அண்ணை மூன்று தடவை சிதம்பரம் அண்ணை வீட்டுக்குப் போய் நோட்டீஸை மாற்றச் சொன்னார். மூன்று தடவையும் தேநீர் மட்டும் கிடைத்தது.

விளையாட்டு விழா அன்று சிதம்பரம் அண்ணை ஒலிவாங்கியை விழுங்குகிற தூரத்தில் பிடித்தார். "இங்கிலாந்து... பிரீமியர் லீக்கையே... கலக்கின... எங்கட மண்ணின்ர மைந்தன்..." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கைதட்டல். பொன்னாடை தோளில் விழுந்தது. மண்ணின் மைந்தன் ஒலிவாங்கியைப் பறித்தார்.

"அண்ணை சொன்னது பொய். நான் விளையாடினது நாலாம் பிரிவில. ஏழே ஏழு ஆட்டம்."

சிதம்பரம் அண்ணை அவர் காதுக்குள் குனிந்தார். "தம்பி, இப்ப ஏன் இந்தக் கதை? தாய் தேப்பன் அன்மெல்டுங், பதிவுப் படிவம் எல்லாம் நிரப்பிக் குடுத்திட்டினம்." அதையும் ஒலிவாங்கி மைதானம் முழுக்கச் சொன்னது.

"ஏழு வயசில இருந்து மழைக்குள்ளயும் பனிக்குள்ளயும் ஓடித்தான் அந்த ஏழு ஆட்டம் கிடைச்சது. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. உங்களுக்கு ஏன் வெக்கமாக் கிடக்கு?" கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கள் எல்லாரும் சேர்ந்து, நான் உண்மையா விளையாடினதை இல்லாமப் பண்ணிப்போட்டியள்."

இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கொடுத்திருந்த கம்சனா அக்கா முன்வரிசையிலிருந்து கேட்டார்: "அப்ப எங்கட பிள்ளையளுக்கு ஆர் பழக்கிறது?"

"நான்தான். நாலாம் பிரிவுக்காரன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு. விருப்பமில்லாத ஆக்கள் பேரை வெட்டுங்கோ."

மேடையை விட்டு இறங்கினார். இருபத்துமூன்று பெயர்களும் இருந்த பதிவுத் தாளை மைதான ஓரத்து மேசை நடுவில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்தார். பேனாவை மூடி கழற்றிப் பக்கத்தில் கிடத்தினார். பிறகு ஒரு கதிரையை எடுத்து, மேசைக்கு முதுகு காட்டுமாறு திருப்பிப் போட்டு, வெறும் மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.