பதினாறாம் நாள் வந்த ஃபைல்

பேய் பிசாசுன்னு யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போறவன் நான். கடலாடியில பத்து வருசமா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன், பட்டா, வாரிசுச் சான்றுன்னு ஊருக்கே அப்ளை பண்ணிக் குடுக்குறவன், காணாமப் போன ஃபைலத் தேடி எடுக்குறது எனக்கு அத்துப்படி. நீங்க நம்பலைன்னா கோவிச்சுக்க மாட்டேன், நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்.

எங்க அய்யா செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுவாரம் வாரிசுச் சான்றுக்கு நானே உக்காந்து அப்ளை பண்ணேன், பிள்ளைகன்னு நானும் தம்பியும் மட்டும். தங்கச்சி செல்விய ஆர்.எஸ்.மங்கலத்துல கட்டிக் குடுத்தப்பவே ரேஷன் கார்டுல பேர எடுத்தாச்சு, கார்டுல இல்லைன்னா வீட்டுலயே இல்லைங்கிறது எங்க பக்கத்து நெனப்பு. சீர் செஞ்சாச்சு, அய்யாவோட மொளகாக் காட்டுல அவளுக்கு என்ன பங்குன்னு தம்பி கேட்டான், நானும் தலையாட்டுனேன். சட்டம் தெரிஞ்சவன் நான், அதான் அசிங்கம்.

மட்ட மத்தியானம், கடையில யாருமில்ல. இறப்புச் சான்ற ஏத்தணும்னு கம்ப்யூட்டர்ல அய்யா பேரப் போட்டுத் தேடுனா, எங்க பழைய ரேஷன் கார்டு வருது. புஸ்தகமா இருக்குமே, அது. உள்ள செல்வி பேரு. நம்புனா நம்புங்க, அந்தக் கார்டு கரையான் அரிச்சு அய்யாவே அடுப்புல போட்டது, நான் ஸ்கேன் பண்ணதே இல்ல. ஃபைல் தேதி பதினாறாம் நாள் காலையில, அன்னிக்கு கடை பூட்டு, சாவி என் மடியில.

அழிச்சேன். மறுபடி தேடுனா மறுபடி வருது. அழிச்ச ஃபைல் ஏன் திரும்ப வருதுன்னு நெட்ல தேடுனேன், ஒருத்தன் வைரஸ்ங்கிறான், ஒருத்தன் பேக்கப்ங்கிறான். படத்தப் பெருசாக்கிப் பாத்தா, கார்ட அமுக்கிப் பிடிச்ச கட்டைவெரல் ஒண்ணு ஓரத்துல தெரியுது, பாதி நகமில்லாம. கருவேல மரம் வெட்டுறப்ப அய்யாவுக்குப் போன நகம்.

அதையும் பாத்துட்டு, அவ பேரு இல்லாமத்தான் அனுப்புனேன். தாலுகா ஆபீஸ்லருந்து விசாரிக்க வந்தவங்ககிட்ட ஊர்ல ஒருத்தரும் வாயத் தெறக்கல. சான்றும் வந்துச்சு.

கேள்விப்பட்டு செல்வி கடைக்கு வந்தா. "நெலத்த நீங்களே வச்சுக்கங்கண்ணே. அய்யாவுக்கு மகளே இல்லைன்னு எழுதிட்டியே, எப்படிண்ணே மனசு வந்துச்சு?"ன்னா. வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. என்ன செய்யிறதுன்னு தெரியாம அந்த ஃபைலத் தொறந்து காட்டுனேன்.

"அய்யா வெரலுண்ணே"ன்னு ஸ்கிரீனத் தொட்டுப் பாத்தா. "ஒரு பிரிண்டு போட்டுக் குடு." வாங்கிட்டு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம பஸ் ஏறிட்டா, அதுக்கப்புறம் எங்க வாசல மிதிக்கல.

அவ போனதும் திரும்பத் தேடுனேன், ஃபைல் இல்ல. அது மட்டுமில்ல, அய்யா போட்டோ, கல்யாணத்துல எடுத்த வீடியோ, ஆதார் நகல், ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற ஆளக் கூட்டிவந்து பாத்தேன், இப்படி எதுவும் இதுல இருந்ததுக்கே தடயமில்லங்கிறான்.

இன்னிக்கும் கடை தொறந்ததும் அய்யா பேரத்தான் மொதல்ல போட்டுத் தேடுறேன். ஒண்ணே ஒண்ணுதான் வருது, அவ பேரில்லாத அந்த வாரிசுச் சான்று.