இடது கைக்கும் கொஞ்சம் வெயில்

கோலெட் ரிம்மர் கோடையிலும் நீளக் காற்சட்டைதான் போடுவாள். லிவர்பூலில் எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் கால்களுக்கு வெயில்பட்ட நிறம் பூசிவிடுகிறவள் தன் காலைக் காட்டாதது பலருக்கு விநோதம். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவள் வீட்டிலிருந்து பெண்கள் தலையில் சுருள் குழல்களும் உடம்பில் பைஜாமாவுமாக, கைகளை இடுப்பில் உரசாமல் அகற்றியபடி நடந்து போவார்கள். தூறல் விழுந்தால் ஓட்டம்தான். பூச்சு ஊறுமுன் ஒரு சொட்டு பட்டாலும் சனிக்கிழமை முழுக்க அந்தக் கறையோடு திரிய வேண்டும்.

இதற்கு முன் பதினோரு வருடம் அவள் சன்பெட் கடையில் இருந்தாள். விளக்குப் பெட்டிக்குள் ஆளைப் படுக்கவைத்துத் தோலை வாட்டி அனுப்பும் கடை. விடுமுறைக்கு முன் இங்கே கொஞ்சம் கறுத்துக்கொண்டால் வெளியூர் வெயில் ஒன்றும் செய்யாது என்று வருகிறவர்களிடம் சொல்ல முதலாளி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். அவளும் நம்பித்தான் சொன்னாள். வேலை முடிந்ததும் அவளே இலவசமாகப் படுத்துக்கொண்டாள். பிறகு கெண்டைக்காலில் ஒரு மச்சம் பெரிதாகிக்கொண்டே போனது. மருத்துவர்கள் அதைச் சுற்றியிருந்த சதையோடு வெட்டி எடுத்தார்கள். முதலாளி பூங்கொத்து அனுப்பி, எல்லாம் தற்செயல் என்று எழுதியிருந்தான்.

கட்டுப் பிரித்த வாரமே அவள் நூலகத்துக்குப் போனாள். புற்றுநோயை உண்டாக்குபவை என்று விஞ்ஞானிகள் உறுதிசெய்த பட்டியலில், புகையிலை இருக்கும் அதே வரிசையில் அந்த விளக்குப் பெட்டியும் இருந்தது. யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. எங்கள் தெருவுக்கு வந்து சொல்லத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. மறுநாள் வேலையை விட்டாள்.

நான் ஒருமுறை அவளைச் சீண்டினேன். இந்த ஊரில் வெளுப்பு குறை, நான் பிறந்த ஊரில் கறுப்பு குறை, கடைக்காரனுக்கு மட்டும் எங்கேயும் குறையில்லை. நீயும் அதைத்தானே விற்கிறாய் என்றேன். பூசிய பழுப்பைப் புகழ்கிற அதே வாய்தான் பிறவிப் பழுப்பைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கிறது என்றும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "நீ சொல்றது சரிதான். ஆனா இவளுங்க ஆசைய நாளைக்கே என்னால மாத்த முடியாது. பெட்டிக்குள்ள போய்ப் படுக்காம வேணா தடுப்பேன்," என்றாள்.

அப்படித் தடுக்க வேண்டியவளாக அந்த ஜூலையில் வந்தவள் பெர்னி. கோலெட்டுடன் பள்ளியில் படித்தவள், பஸ் ஓட்டுகிறாள். நாற்பத்தாறு வயதில் முதல் கல்யாணம், மூன்று வாரத்தில். கையில்லாத கவுன் தைத்தாகிவிட்டது. ஆனால் ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை சட்டைக் கை முடியும் கோடு வரை நல்ல பழுப்பு, இடது கை பால் வெள்ளை. இரண்டையும் ஒன்றாக்க சன்பெட் கடையில் பத்துமுறைக்கு அட்டை வாங்கி வைத்திருந்தாள். செம்பட்டை முடி, திடீர் வெயிலில் சிவந்து கொப்புளிக்கிற தோல்.

அட்டையைத் தொடாதே, நான் ஒன்றாக்கித் தருகிறேன் என்று கோலெட் வாக்குக் கொடுத்தாள். பெர்னி மறுநாளே பார்க்க வேண்டும் என்று அவசரப்பட்டதால், அடர்நிறத்தை ஒரே பூச்சாகப் பூசினாள். விடிந்தபோது இடது கை ஆரஞ்சாக இருந்தது. முழங்கை சேற்றில் ஊன்றியதுபோல. டிப்போவில் டெஸ் என்கிற ஓட்டுநர், "ஒரு கை மனுஷி, ஒரு கை கேரட்," என்றான். சிரிப்பு நாள் முழுக்க ஓயவில்லை.

சாயங்காலம் பெர்னி அட்டையோடு வந்து நின்றாள். "போதும்டி உன் வித்தை. நாளைக்கு நான் பெட்டிக்குத்தான் போறேன்."

கோலெட் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். கெண்டைக்காலில் ஒரு முட்டையை வைக்கலாம் போலப் பள்ளம்.

பெர்னி குனிந்து பார்த்தாள். "ஏன்டி சொல்லவே இல்ல?"

"சொல்ல வெக்கம். நானே எத்தன பேர அதுல படுக்க வச்சிருக்கேன்."

பெர்னி பத்து நாள் அவகாசம் கொடுத்தாள். கோலெட் ஆரஞ்சைத் தேய்த்தெடுத்தாள். இளநிறத்தைக் கிரீமில் கலந்து மூன்று நாளுக்கு ஒருமுறை மெல்லிசாகப் பூசினாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் பூசும் கையுறையில் மிஞ்சியது மட்டும். விளக்கில் நிறம் பொய் சொல்லும் என்று சமையலறை ஜன்னலில் பகலில் இரு கைகளையும் சேர்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வலது கை ஒரு படி முன்னால் இருந்தது.

ஒருநாள் பெர்னியின் பஸ்ஸில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தபோது காரணம் கண்முன்னே தெரிந்தது. திறந்த ஜன்னல், சுள்ளென்ற வெயில், அதில் கிடக்கும் கை. பூசப் பூச இடது கை துரத்துகிறது. தினமும் எட்டு மணி நேரம் வலது கை ஓடுகிறது.

நிறுத்தத்தில் எழுந்துபோய்ச் சொன்னாள். "மகராணி, தப்பான கைய வைத்தியம் பாத்துட்டிருந்தோம். நாளையிலேர்ந்து வலது கைக்கு வெயில் கிரீம். நான் பூசுறது வெறும் சாயம்டி, வெயில அது தடுக்காது."

வலது கை நின்றது. இடது கை மெல்ல வந்து சேர்ந்தது. கடைசியாக வலது கையில் சட்டைக் கைக் கோட்டுக்கு மேலே இருந்த வெள்ளையில் ஒரு பூச்சு கொடுத்துக் கோட்டை மறைத்தாள்.

கல்யாணத்தன்று டெஸ் மணப்பெண்ணைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, ஒரு கோப்பை பியர் பந்தயம் வைத்து, வலது கைதான் பூச்சு என்றான். தோற்றான். கோலெட் அன்று முழங்காலுக்கு மேல் நிற்கிற பாவாடையில் வந்திருந்தாள். காலில் பூச்சு இல்லை, பள்ளமும் மறைக்கப்படவில்லை. இரண்டு பெண்கள் அது என்னவென்று கேட்டார்கள்; உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பத்து நாளில் பெர்னியின் இடது கை பழைய வெள்ளைக்குத் திரும்பியது. அவள் கவலைப்படவில்லை. அந்த சன்பெட் அட்டையை ஜனவரியில் கார் கண்ணாடியில் உறைபனி சுரண்டப் பயன்படுத்தினாள். அடுத்த கோடையில் டிப்போவில் சாவிப் பலகைக்குப் பக்கத்தில் வெயில் கிரீம் புட்டி ஒன்றைத் தொங்கவிட்டாள். முதல் நாளே டெஸ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து, மகராணி. வலது கைக்கு மட்டும் போதும்."