நாத்தனாருக்குப் பிடிக்காத வினைச்சொல்

கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் காபி வருவதற்குள் என் நாத்தனார் கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, ஆங்கிலப் பேப்பரில் ஒரு சொல்லைத் தேடி வட்டமிடுவாள். எக்ஸ்ட்ராபொலேட். கணக்குப் பாடத்துச் சொல் அது. தெரிந்த புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டு, அதே கோட்டை மேலே நீட்டி, தெரியாத இடத்தில் என்ன இருக்கும் என்று சொல்வது. வகுப்பறையில் சாதுவாக இருந்த வினைச்சொல்லை இப்போது ஆளாளுக்கு எழுதுகிறார்கள் என்பது அவள் புகார். ஒருநாள் மழையை வைத்துப் பருவத்தையே சொல்லிவிடுகிறார்கள், ஒரு டாக்சிக்காரரை வைத்து பம்பாயையே எடை போடுகிறார்கள். "பாக்காததைப் பாத்த மாதிரி சொல்றதுக்கு மரியாதையா ஒரு வார்த்தை, மன்னி" என்பாள்.

செம்பூரில், குடிசைப் பகுதிகளைச் சர்வே செய்யும் ஒரு சின்ன ஆபீஸில் ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவது அவள் வேலை. ஒரு மே மாதம், தாராவியில் சில சந்துகளை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதை எக்ஸ்ட்ராபொலேட் செய்து, அந்தப் பகுதி முழுவதற்கும் கொஞ்சம் குழாய்கள் போதும் என்று ஓர் அறிக்கை தயாரானது. இவளுக்கு மனசு கேட்கவில்லை. வெயிலில் கிளம்பிப் போனாள். குழாயடியில் ஒரு பெண் சொன்னதை வீட்டுக்கு வந்து அதே ராகத்தில் சொல்லிக் காட்டினாள்: "பூராப்பேரும் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்காவ. பூட்டுன வீட்டப் பாத்துட்டுத் தண்ணி வேண்டாம்னு எழுதுனா எப்படிக்கா?" அறிக்கை நின்றது. அதன் பிறகு அந்தச் சொல்லை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் பார்க்காத சந்து ஒன்றுக்கு நேரில் போய்வர வேண்டும் என்று ஆபீஸில் சட்டமே போட்டுவிட்டாள். எல்லாரும் அவளைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

பிறகு அவளுக்கே உடம்புக்கு வந்தது. டாக்டரின் மெயிலை நான்தான் படித்துக் காட்டினேன். இரண்டு ஸ்கேன்களை வைத்து எக்ஸ்ட்ராபொலேட் செய்தால், ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். டொராண்டோவில் இருந்த அவள் மகனுக்குப் புது வேலை, ஒரு தடவைதான் லீவு கிடைக்கும். இப்போதே வரட்டுமா, ஜனவரியில் வரட்டுமா என்று கேட்டிருந்தான். அவள் கை கொண்டைக்குப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

"ஜனவரியில வரட்டும். டாக்டர் கணக்குப் பண்ணித்தானே எழுதியிருப்பார்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டே இரண்டு ஸ்கேன். இதையே ஆபீஸில் யாராவது எழுதியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாளே! இப்பவே கூப்பிடு என்று பார்க்கும்போதெல்லாம் சண்டை போட்டேன். ஜனவரியில் அவனுக்கு என்னென்ன சமைக்கலாம் என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

நவராத்திரிக்கு முன்னாலேயே போய்விட்டாள். அவன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், வாசலில் செருப்புகளை ஒதுக்கி வைத்தேன். அழவில்லை. இன்று வரை அழவில்லை. மாதுங்கா மார்க்கெட்டில் அவளுக்குப் பிடித்த சேப்பங்கிழங்கைப் பார்த்தால் வாய் தன்பாட்டுக்கு விலை கேட்கிறது. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

போன வாரம் அவள் மகன் போன் செய்தான். ஏதேதோ பேசிவிட்டுக் கடைசியில் கேட்டான்.

"அம்மாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்காதே மாமி. அதை எப்படி நம்பினா?"

"நம்பலைடா. உன்னை உடனே வான்னு கூப்பிட்டா, போகப்போறோம்னு அவளே ஒத்துண்ட மாதிரி. ஜனவரின்னு சொன்னா, ஜனவரி வரைக்கும் இருக்கலாமேன்னு ஒரு ஆசை."

அவன் அழுதான். எனக்கு ஒன்றும் வரவில்லை. அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன்.