கடைசி வளையம்

பெஞ்சின் மேல் ஏறிவிட்டார் வெர்னா. தேவாலயக் கூடத்தில் ஞாயிறு விருந்து. முட்டைக்கோஸ் நூடுல்ஸ் இன்னும் பாதிப் பேர் தட்டுக்கு வந்து சேரவில்லை. அதற்குள் கைப்பையிலிருந்து எஃகு ஸ்பிரிங் வெளியே வந்து, மேல் வளையம் அவர் விரலில், மீதியெல்லாம் கீழே நீளமாகத் தொங்குகிறது.

பென்சில்வேனியாவின் இந்த மலையடிவார ஊரில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது ஸ்பிரிங் பொம்மை ஆலை. படிக்கட்டில் இறங்கும் பொம்மை என்றுதான் ஊர் அதை அறியும். பள்ளியில் இயற்பியல் நடத்தும் வெர்னாவுக்கோ, அது விழாமல் நிற்கும் கண்ணிமைப்பொழுதுதான் உயிர். கையை விட்டதும் மேல் வளையங்கள் சரசரவென்று கீழே பாயும்; கடைசி வளையமோ, அவை வந்து தலையில் மோதும்வரை அந்தரத்தில் அசையாமல் நிற்கும். தபால் நிலைய வரிசையிலும் இதைச் செய்து காட்டுவார். அவர் தலை தெரிந்தாலே அங்குள்ள பெண் முக்காலியை ஒளித்துவிடுவாள். ஸ்பிரிங்கை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். "சிக்காக்கிடுவீங்க" என்பார்.

தம்பி ஏர்ல் அதே ஆலையில் சுருள்களைச் சோதிப்பவர். போன நவம்பரில் நன்றி நவிலும் நாள் விருந்தில், வெர்னாவின் மாணவர்கள் எதிரிலேயே, "அக்கா காட்டுறது கண்கட்டு வித்தை" என்று சொல்லிவிட்டார். பொய்க்காரி என்று பெயர் வாங்கிய பிறகு வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது? அன்றிலிருந்து வெர்னாவுக்குத் தூக்கமே பாழ்.

இன்றும் விட்டுக் காட்டினார். இன்றும் ஏர்ல் உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் வெர்னா தம்பியின் கண்களைக் கவனித்தார். அவை மேல் வளையத்தை விட்டு நகரவே இல்லை. ஆலையில் சுருளைத் தூக்கிப் பார்க்கும்போது பழுது மேலேதான் தெரியுமாம். பழகிய கண் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"டேய், தரையில படு."

"நல்ல சட்டைக்கா."

"படுடா. கடைசி வளையத்தை மட்டும் பாரு. அதுக்கு மேல இருக்கிற வளையம் இன்னும் அதை இழுத்துப் பிடிச்சிட்டுத்தான் இருக்கு. நான் மேல கையை விட்ட சேதி அதுக்கு இன்னும் போய்ச் சேரலை."

மொத்தக் கூடமும் சிரிக்க, ஏர்ல் மல்லாந்து படுத்தார். மூக்குக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் கடைசி வளையம். வெர்னா ஸ்பிரிங்கின் ஆட்டம் அடங்கும்வரை பொறுத்தார். விட்டார்.

ஸ்பிரிங் மூக்கில் இடித்து மார்பில் விழுந்த பிறகும் ஏர்ல் எழுந்திருக்கவில்லை. வளையம் நின்ற வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுச்சுக்கா," என்றார் மெதுவாக. "கீழேயிருந்து நீ பாத்திருக்கியா?"

விடுகிற கை எப்போதும் வெர்னாவுடையது. அவர் பார்த்ததெல்லாம் பார்ப்பவர்களின் முகங்களைத்தான். பெஞ்சிலிருந்து இறங்கினார். ஸ்பிரிங்கை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார். ஏர்ல் எழுந்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு தம்பி கிடந்த இடத்தில் படுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.