எந்தக் கையில் வேண்டும் பந்து?

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளின் கரித்தூள் தினமும் படியும் எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் கோர்ட்டில், மூன்று வருடமாக பாயிண்ட் கார்டு நான்தான். பந்தைக் கொண்டுபோய் மற்ற நால்வருக்கும் பிரித்துக் கொடுக்கிற வேலை.

கடைசி வருடத்தில் கோச் அந்த இடத்தை, பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும் முதலாண்டுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, என்னைக் கோர்ட்டின் ஓரத்தில் நின்று பந்து வாங்கி ஆடும் இடத்துக்கு மாற்றினார். குச்சி உடம்பு, மடித்துக் கட்டிய ரெட்டைப் பின்னல். ஓட்டம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அனுபவம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்டத்துக்கு முன் அவள் ஒவ்வொருத்தியிடமும் போய் ஏதோ கேட்பாள். முதல் மேட்ச் அன்று என்னிடமும் வந்தாள்.

“அக்கா, உங்களுக்கு பால் எந்தக் கையில குடுத்தா தோதா இருக்கும்? நெஞ்சுக்கு நேரா வேணுமா, தரையில தட்டி வேணுமா? சொல்லுங்க, மனசுல வச்சிக்கினு ஆடறேன்.”

“எல்லார்கிட்டயும் இதத்தான் கேக்குறியா?”

“ஆமாக்கா. கேக்காம எப்பிடித் தெரியும்?”

மூன்று வருடத்தில் நான் ஒருத்தியிடமும் கேட்டதில்லை. பிடிக்கத் தவறியவளைத் திட்டியிருக்கிறேன். என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

விசில் ஊதும்வரை அவள் என் பதிலுக்காக நின்றாள். எந்தக் கை என்று எனக்கே தெரியவில்லை.